கக்காரிகோவை யார் கட்டினார்கள், எதற்காக?

கிணற்றடி எழுதியது:

முதலிலேயே எச்சரிக்கை. நிண்டெண்டோவின் ஜெல்டா வீடியோ கேம் வரிசையில் நான்கைந்து கேம்களின் கதை இந்த இழையில் உடையும். முடிக்காதவர்கள் இப்போதே ஓடிவிடலாம்.

ஒக்கரினா ஆஃப் டைமை (1998) இந்தத் தடவை அவசரமே படாமல், எதிரே வருகிற எல்லோரிடமும் பேசி, கண்ணில் பட்ட கல்லையெல்லாம் படித்து ஆடிக்கொண்டிருக்கிறேன். கக்காரிகோ கிராமத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. கோழி பிடித்துக் கொடுப்பது, காற்றாலை, மனத்தை வருடும் இசை என்று அந்த ஊரைக் கடந்து போய்விடுகிறோம். ஆனால் அங்கே சொல்லப்படுகிற விஷயங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்று வைத்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது.

இடுகாட்டில் ஒரு கல் இருக்கிறது. அரச குடும்பத்துக்கு விசுவாசம் காட்டியவர்களின் ஆன்மாக்கள் இங்கே உறங்குகின்றன, அரச குடும்பத்தின் காவலர்களும் கக்காரிகோவை நிறுவியவர்களுமான ஷீகாக்கள் அவற்றைக் காத்து நிற்கிறார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. சரி, ஊரைக் கட்டியது ஷீகாக்கள். இளவரசி ஜெல்டாவின் காவலாளியும் ஷீகாவுமான இம்பாவும், கதாநாயகன் லிங்க்கை வழியனுப்பும்போது, தான் பிறந்து வளர்ந்த ஊர் அதுதான் என்கிறாள். அப்படியென்றால் மற்ற ஷீகாக்கள் எங்கே? ஊர் முழுக்கச் சாதாரண ஜனங்கள். தச்சர்களின் மேஸ்திரியைக் கேட்டால், இந்த ஏழைக் கிராமத்தை மேம்படுத்த இம்பா அம்மா எங்களை வேலைக்கு வைத்திருக்கிறார், என் ஆட்களுக்குத்தான் சுறுசுறுப்பு இல்லை என்று புலம்புகிறார். தன் இனம் மறைவாக வாழ்ந்த ஊரை அவளே மற்றவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறாள்.

இப்போது ஊருக்கு அடியில் பாருங்கள். கிணற்றை வற்றவைத்து இறங்கினால் சித்திரவதைக் கூடம். இடுகாட்டுக்குப் பின்னால் நிழல் கோயில். அதற்குள் கில்லட்டின்கள், ரத்தக் கறைகள். ஹைரூல் நாட்டின் பேராசையும் வெறுப்பும் ததும்பும் ரத்த வரலாறு இங்கேதான் குவிந்து கிடக்கிறது என்று அந்தக் கோயிலே சொல்கிறது.

இவ்வளவையும் கீழே வைத்துக்கொண்டு, மேலே குடும்பம் குடும்பமாக ஆட்களைக் குடியேற்ற ஒரு தலைவிக்கு எப்படி மனம் வந்தது? வேறு வழி இல்லாததால்தான் என்று நினைக்கிறேன். ஷீகாக்கள் கிட்டத்தட்ட அழிந்துவிட்டார்கள். ஆளில்லாத ஊரைவிட ஆள் நடமாடும் ஊர் நல்ல மறைவு. கோழி கத்துகிற இடத்தில் யாரும் கொலைக்களத்தைத் தேட மாட்டார்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

---

கோழி துரத்தி எழுதியது:

நான் ப்ரெத் ஆஃப் த வைல்டும் (2017) அடுத்து வந்த டியர்ஸ் ஆஃப் த கிங்டமும் (2023) மட்டும்தான் ஆடியிருக்கிறேன். அதில் கக்காரிகோ முழுக்க ஷீகாக்கள்தானே! நூறு வயது தாண்டிய இம்பா கூரை வீட்டில் உட்கார்ந்திருப்பார், பேத்தி பாயா லிங்க்கைப் பார்த்தாலே தடுமாறுவாள். ஊரில் ஷீகாக்களே இல்லை என்றால் எனக்குத் தலை சுற்றுகிறது. இரண்டும் ஒரே ஊர்தானா?

---

மூன்றாம் கிளை எழுதியது:

இல்லை என்பதுதான் என் கட்சி. ஒரே பெயர் பல ஊர்களின் மேல் குந்தியிருக்கிறது.

இடத்தை மட்டும் பாருங்கள். எ லிங்க் டு த பாஸ்ட்டில் (1991) கக்காரிகோ கோட்டைக்கு மேற்கே, காட்டுக்குத் தெற்கே. ஒக்கரினாவில் டெத் மவுண்டன் என்ற எரிமலையின் அடிவாரம். ட்விலைட் பிரின்சஸில் (2006) மறுபடி மலையடிவாரம், எல்டின் மாகாணத்தில், செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே. ப்ரெத் ஆஃப் த வைல்டில் டெத் மவுண்டன் வடக்கே எங்கேயோ தொலைவில் தெரிகிறது, கிராமம் நெக்லூடா மலைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. எரிமலை இடம் மாறாது என்று வைத்துக்கொண்டால், இடம் மாறியது ஊர்தான்.

நிண்டெண்டோ 2011-இல் வெளியிட்ட அதிகாரப்பூர்வக் காலவரிசைப்படி ஒக்கரினாவுக்குப் பிறகு வரலாறு மூன்றாகப் பிரிகிறது. ஒக்கரினாவில் லிங்க் ஏழு வருடம் முன்னும் பின்னும் காலம் தாண்டுகிறான். அவன் தோற்றுப்போன கிளையில் எ லிங்க் டு த பாஸ்ட். அவன் சிறுவனாகத் திரும்பிப்போன கிளையில் ட்விலைட் பிரின்சஸ். பெரியவனாக ஜெயித்த கிளையில் ஹைரூலே கடலுக்கடியில் போய்விடுகிறது, அந்தக் கிளையில் வரும் விண்ட் வேக்கர் கேமில் கக்காரிகோ என்ற பேச்சே இல்லை. ஆக ஒக்கரினாவின் கக்காரிகோதான் தாய் ஊர், மற்றவை அதன் வாரிசுகள். பெயரைத் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் குடியேறியிருக்கிறார்கள். நிஜ உலகில் நடக்காததா என்ன.

---

பழைய கார்ட்ரிட்ஜ் எழுதியது:

எல்லோரும் ஆர்வமாகத் தோண்டுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

1991-இல் கக்காரிகோ என்ற பெயர் வந்தபோது ஷீகா என்ற இனமே கிடையாது. அந்த ஊரில் நடந்தது வேறு: காவலர்களைக் கூவி அழைக்கும் பெண், ஊருக்கு நடுவே பறவை உருவம் வைத்த காற்றுத்திசை காட்டி, ஒரு வீட்டுக்கு அடியில் திருடர்களின் பதுங்கிடம். அந்த கேமின் இணை உலகமான இருள் உலகத்தில் அதே இடம் ஒதுக்கப்பட்டவர்களின் கிராமம். மொத்தத்தில் திருட்டு வாடை அடிக்கிற ஊரே தவிர, அரச விசுவாசம் வீசுகிற ஊர் கிடையாது. ஏழு வருடம் கழித்து ஒக்கரினாவுக்கு ஒரு கிராமம் தேவைப்பட்டது, பழைய பெயரை எடுத்து ஒட்டினார்கள், கூடவே ஷீகாக்களையும் உண்டாக்கினார்கள்.

இந்தக் குழுவுக்கு இது பழக்கம்தான். 1987-இல் வந்த இரண்டாவது ஜெல்டாவில் ஊர்களின் பெயர்கள் ராரு, ரூட்டோ, சாரியா, நபூரு, டாருனியா, மிடோ. பத்து வருடம் கழித்து அதே பெயர்களை மனிதர்களுக்கு வைத்துவிட்டு, "இவர்கள் நினைவாகத்தான் பிற்பாடு ஊர்களுக்குப் பெயர் வந்தது" என்று நாம் நம்பும்படி செய்துவிட்டார்கள். வரலாற்றைப் பின்னாலிருந்து முன்னால் எழுதுகிறவர்களிடம் போய் ஊர் எப்படி நகர்ந்தது என்று கேட்பது வீண்.

---

கிணற்றடி எழுதியது:

கார்ட்ரிட்ஜ் சார், நீங்கள் எனக்கு எதிராகச் சொன்னது எனக்கே சாதகமாகிவிட்டது.

ஒக்கரினாவில் ஞானிகள் ராரு, சாரியா, டாருனியா, ரூட்டோ, நபூரு, இம்பா. ஜெல்டாவையும் சேர்த்தால் ஏழு. அந்த முதல் ஆறில் ஐந்து பேருக்கு இரண்டாவது கேமில் ஆளுக்கொரு ஊர் இருக்கிறது. இம்பாவுக்கு மட்டும் இல்லை. அவள் 1986-இலேயே, முதல் கேமின் கையேட்டில், இளவரசியின் செவிலியாக வந்துவிட்டாள். அது மனிதப் பெயராகவே நின்றுவிட்டது. பெயரில் ஊர் இல்லாத அந்த ஒருத்திக்குத்தான் ஒக்கரினாவில் கையில் ஒரு ஊரைக் கொடுத்திருக்கிறார்கள். தற்செயலாகவே இருக்கட்டும், பொருத்தம் அழகாக இல்லையா?

தவிர, எழுதியவர்கள் எந்த வரிசையில் எழுதினார்கள் என்பது ஒரு கேள்வி, எழுதி வைத்திருப்பது உள்ளுக்குள் ஒத்துப்போகிறதா என்பது வேறு கேள்வி. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். கல்வெட்டு அங்கே இருக்கிறது. மேஸ்திரியின் வசனமும் இருக்கிறது. ஒட்டுப்போட்ட சட்டை என்றாலும் ஒட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கலாமே.

---

இரவுக் காவல் எழுதியது:

எல்லோரும் கிணற்றையே எட்டிப் பார்க்கிறீர்கள். எனக்கு இடுகாடுதான் விசித்திரம்.

கோட்டைக்குப் பக்கத்தில் எவ்வளவோ இடம் இருக்க, அரச குடும்பத்தின் கல்லறை கக்காரிகோ இடுகாட்டின் கோடியில் இருக்கிறது. உள்ளே இறங்கினால் இறந்துபோன அரச குடும்பத்தினருக்கு அர்ப்பணித்த கவிதை சுவரில் இருக்கும், ஒக்கரினா என்ற ஊதுகருவியில் லிங்க் வாசிக்கும் சூரியனின் பாட்டு கிடைப்பது அங்கேதான். அதற்குக் காவல் இருப்பவர்கள் அரசவை இசைக் கலைஞர்களான இரண்டு சகோதரர்களின் ஆவிகள். அரச வம்சத்தின் மாய சக்தியை ஆராய்ந்தவர்கள். வில்லன் கானன்டார்ஃப் கேட்டு வந்தபோது ரகசியத்தைக் கொடுக்காமல் உயிரைக் கொடுத்தவர்கள்.

ஒரு ராஜா தன் முன்னோர்களை எங்கே புதைப்பான்? தனக்கு மிகவும் நம்பகமானவர்களிடம். அதே ஆட்கள்தான் அவனுடைய கைதிகளையும் "விசாரித்திருக்கிறார்கள்". அரச குடும்பத்தின் கௌரவமும் அதன் அசிங்கமும் ஒரே வேலிக்குள், ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில் கிடக்கின்றன. கல்வெட்டில் "விசுவாசம்" என்று பொறித்திருப்பதை இந்த வெளிச்சத்தில் இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

எப்போது நடந்திருக்கும் என்பதற்கும் ஒரு பிடி இருக்கிறது. லிங்க் கைக்குழந்தையாக இருந்தபோது கடும் போர் நடந்தது, அவன் தாய் அதிலிருந்து தப்பித்தான் காட்டுக்கு வந்தாள், பிறகு ஹைரூல் மன்னன் நாட்டை ஒன்றாக்கினான் என்று காட்டில் பேசும் டெக்கு மரத்தின் கன்று சொல்லும். பத்துப் பதினோரு வருடத்துக்கு முந்தைய கதைதான் அது. எல்லோரையும் ஒன்றாக்கிய நல்ல மன்னன் என்று வருகிறதே, ஒன்றாக்குகிற வேலையில் ஒரு பகுதி அந்தக் கிணற்றுக்கு அடியில் நடந்திருக்கலாம். போர் முடிந்தது, ஷீகாக்கள் தீர்ந்தார்கள், இம்பா ஊரைத் திறந்தாள். கிணற்றடி சொன்னதோடு இது சரியாகப் பொருந்துகிறது.

---

கோழி துரத்தி எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு ஒக்கரினாவை ஆரம்பித்துவிட்டேன். கிணறு இருக்கிற இடத்தில் முன்பு ஒருவன் வீடு இருந்ததாமே, அவனிடம் உண்மையைப் பார்க்கும் கண் இருந்ததாம் என்று ஒரு பெரியவர் சொல்கிறாரே, அது யார்?

---

கிணற்றடி எழுதியது:

அருமையான கேள்வி, விடை மட்டும் இல்லை. மனக்கண்ணைக் கடுமையாகப் பழக்கினால்தான் உண்மை தெரியும், அவன் வேறு வழி வைத்திருந்தான் என்பார் பெரியவர். கிணற்றுக்கு அடியில் நமக்குக் கிடைப்பது லென்ஸ் ஆஃப் ட்ரூத், மறைந்திருப்பதைக் காட்டும் கண்ணாடி. அந்த "வேறு வழி" இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதற்கு மேல் போனால் ரசிகர்களின் ஊகம். நிழல் கோயிலின் கடைசிப் பெரிய எதிரியான போங்கோ போங்கோவைப் பாருங்கள்: தலை இல்லை, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைச் சிவப்புக் கண், மணிக்கட்டோடு துண்டாகிப் பிரிந்து நிற்கும் கைகள். லென்ஸ் இல்லாமல் அதன் உடம்பே கண்ணுக்குத் தெரியாது. கையை வெட்டித் தலையையும் கொய்த யாரோ ஒருவனின் ஆவி என்றும், ஷீகாக்களின் ரகசியக் கருவியை வைத்திருந்ததற்காக அந்த வீட்டுக்காரனுக்கே இந்தக் கதி என்றும் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டை இடித்து, அந்த இடத்திலேயே கிணறு வெட்டி, அதற்குள்ளேயே அவனை அடைத்தார்களாம்.

---

பழைய கார்ட்ரிட்ஜ் எழுதியது:

கேமில் உள்ளதை மட்டும் சொல்கிறேன். காடு, நெருப்பு, நீர்க் கோயில்களை முடித்து மூன்று பதக்கமும் சேர்ந்த பிறகு ஊருக்குள் நுழைந்தால் வீடுகள் எரிகின்றன, கிணற்றிலிருந்து ஏதோ வெளியே பாய்கிறது. ஊர்த்தலைவி இம்பா தீய நிழல் ஆவியைக் கிணற்றுக்கு அடியில் பூட்டி வைத்திருந்தாள், ஆவியின் பலம் கூடிப் பூட்டு உடைந்துவிட்டது, மறுபடி பூட்டத்தான் அவள் நிழல் கோயிலுக்குப் போயிருப்பாள் என்கிறான் லிங்க்குக்கு வழிகாட்டும் ஷீக். அந்த ஆவி முன்பு யாராக இருந்தது என்று ஒரு வரி இல்லை. கண்காரன் பெயரும் இல்லை, அவனுக்கு என்ன ஆனது என்றும் இல்லை. கண் இரண்டு கதையிலும் வருகிறது என்பதற்காக இரண்டையும் முடிச்சுப்போட்டால், ஷீகாக்களின் சின்னமே கண்தானே, அந்த ஊரில் எதை வேண்டுமானாலும் எதோடும் முடிச்சுப்போடலாம்.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். பூட்டியவள் இம்பா என்பது நேரடி வசனம். அப்படியென்றால் ஊரைத் திறந்தபோது கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது என்று அவள் சொல்ல முடியாது.

---

இரவுக் காவல் எழுதியது:

அதுதான் எனக்கும் கோபம். அங்கே குடியேறியவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏழு வருடம் கழித்து அரண்மனை நகரம் பாழாகி, பிழைத்தவர்கள் கடை கண்ணியோடு கக்காரிகோவுக்கு ஓடி வருகிறார்கள். ஹைரூலிலேயே பாதுகாப்பான இடம் என்று நம்பி வந்தவர்களின் காலடியில்தான் அந்தப் பூட்டு உடைகிறது.

---

காற்றாலை எழுதியது:

கிணற்றை வற்றவைத்தது யார்? லிங்க். எந்தப் பாட்டால்? காற்றாலைக்காரன் சொல்லிக்கொடுத்த புயல் பாட்டால். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஏழு வருடத்துக்கு முன் லிங்க். அந்தப் பாட்டை இயற்றியவரே கிடையாது. ஊரின் மர்மம் என்று இதை விட்டுவிட்டு எதையோ பேசுகிறீர்கள்!

---

மூன்றாம் கிளை எழுதியது:

காற்றாலைக்குத் தனி இழை போடுங்கள் நண்பரே, அது முடியாத கதை.

நான் ட்விலைட் பிரின்சஸுக்கு வருகிறேன், அங்கேதான் உண்மையான சிக்கல். எல்டினில் இருக்கிற கக்காரிகோவில் ரெனாடோ என்ற பூசாரி, அவர் மகள் லூடா, வெடிகுண்டு விற்கிற பார்ன்ஸ். இருள் கவிந்ததில் மற்றவர்கள் போய்விட்டார்கள். இடுகாடு உண்டு, அதில் நீர்வாழ் இனமான சோராக்களின் அரசர்களுக்குச் சமாதி. மலையடிவாரமும் இடுகாடும் ஒக்கரினாவோடு பொருந்துகின்றன.

ஆனால் மலைவாழ் இனமான கோரான்களின் தலைவன் டார்பஸ் பாறையை உடைத்து வழி செய்த பிறகு ஒரு மறைந்த கிராமம் திறக்கிறது. அரச குடும்பத்தைக் காத்த இனம் ஒன்று வாழ்ந்த இடம், நீண்ட போர்களில் அந்த இனம் அருகிப்போய்விட்டது என்று சொல்கிறார்கள். எஞ்சியிருப்பது இம்பாஸ் என்ற ஒரே ஒரு கிழவியும் ஏராளமான பூனைகளும். இந்த ஊரைக் கட்டியவரின் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள் என்கிறாள் அவள். அந்த ஊரின் பலகையில் ஹைரூல் எழுத்தில் இருப்பதைப் படித்தவர்கள், அது "பழைய கக்காரிகோ" என்று சொல்கிறது என்கிறார்கள்.

எது பழையது? ஒக்கரினாவின் கக்காரிகோதான் இந்த மறைந்த கிராமமாக ஆனது என்றால் இடுகாடு எங்கே போனது, காற்றாலை எங்கே, கிணறு எங்கே? அங்கே இருப்பது ஒற்றைத் தெருவும் இடிந்த வீடுகளும். எல்டின் கக்காரிகோதான் ஒக்கரினாவின் ஊர் என்றால், பலகை வேறொரு ஊரைப் பழையது என்று ஏன் சொல்ல வேண்டும்?

---

கிணற்றடி எழுதியது:

இதைப் பற்றித்தான் இரண்டு நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். என் தீர்வு இது.

மறைந்த கிராமம் ஒக்கரினாவுக்கும் முந்தையது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷீகாக்கள் முதலில் குடியிருந்தது அங்கே. யாரும் வராத இடம், ஒரே வழி, காவல் சுலபம். மலையடிவாரத்துக் கக்காரிகோ அவர்கள் பணிபுரிந்த இடம்: கோயில், இடுகாடு, கிணற்றடிக் கூடம். பணியிடத்தைச் சுற்றி மெல்ல வீடுகள் வந்து, அதுவே ஊராகி, பெயரும் அங்கே போய்விட்டது. முதல் ஊர் "பழைய" ஊரானது. இம்பா பின்னால் திறந்துவிட்டது இரண்டாவது ஊரை. முதல் ஊரை அவள் யாருக்கும் திறக்கவே இல்லை. ட்விலைட் பிரின்சஸ் வரை அது பாறைக்குப் பின்னால் மூடியே கிடந்தது.

கட்டியவர் இம்பா என்றால் காலம் உதைக்குமே என்பீர்கள். இம்பா என்ற பெயர் எத்தனை தலைமுறையில் வருகிறது பாருங்கள். ஸ்கைவர்ட் ஸ்வோர்டில் ஒருத்தி, ஒக்கரினாவில் ஒருத்தி, ப்ரெத் ஆஃப் த வைல்டில் ஒருத்தி. ஊரைக் கட்டியவள் எந்த இம்பா என்று இம்பாஸ் சொல்லவில்லை.

---

பழைய கார்ட்ரிட்ஜ் எழுதியது:

சாமர்த்தியமான விளக்கம்தான். ஆனால் இன்னொரு வழியும் திறந்தே இருக்கிறது: இம்பா மலையடிவார ஊரை ஜனங்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த தன் ஆட்களோடு மறைவிடத்தில் போய்ப் புது ஊர் கட்டினாள். தாங்கள்தான் அசல் என்ற உரிமையில் அதற்குப் பழைய கக்காரிகோ என்று பெயர் வைத்தார்கள். இதற்கு இன்னொரு இம்பாவை இழுக்கத் தேவையில்லை.

---

கிணற்றடி எழுதியது:

அட, பழையது என்று தாங்களே பலகை வைத்துக்கொள்வார்களா? வந்துபோகிறவர்களுக்குத்தானே பலகை, ஒளிந்து வாழ்கிறவர்களுக்கு எதற்கு?

---

பழைய கார்ட்ரிட்ஜ் எழுதியது:

அந்தக் கேள்வி உங்கள் விளக்கத்தையும் சேர்த்துத்தான் அடிக்கிறது.

---

கோழி துரத்தி எழுதியது:

என் கேமுக்கும் ஒரு இடம் கொடுங்கள். பத்தாயிரம் வருடத்துக்கு முன் ஷீகாக்களின் இயந்திரங்களால்தான் ராஜா வில்லன் கானனை ஜெயிக்கிறார், பிறகு அந்தத் திறமையைக் கண்டே பயந்து அவர்களை விரட்டுகிறார். சிலர் கருவிகளைத் துறந்து சாதாரணமாக வாழ்கிறார்கள். மற்றவர்கள் வன்மம் வைத்து யிகா கும்பலாகிறார்கள். இம்பாவின் வாசலில் காவல் நிற்கிற டோரியன் முன்பு யிகாவில் இருந்தவன். அவன் மனைவியைக் கொன்றதும் அவர்களே. ஊரில் பூசணியும் கேரட்டும் விளைகிறது, யாருக்கும் பழையது பேசப் பிடிக்கவில்லை.

அப்புறம், டியர்ஸ் ஆஃப் த கிங்டமில் நாடு முழுக்க 58 கிணறுகளில் இறங்கலாம். கக்காரிகோவிலும் ஒன்று உண்டு. இந்த இழையைப் படித்த பயத்தில் விளக்கோடு இறங்கினேன். கோயில் வாசலும் இல்லை, சங்கிலியும் இல்லை.

---

இரவுக் காவல் எழுதியது:

வேறு இடத்து ஊர், வேறு கிணறு. இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நீங்கள் சொன்ன விரட்டலைத்தான் நான் ஒக்கரினாவிலேயே பார்க்கிறேன். அங்கே விரட்ட வேண்டிய அவசியமே வரவில்லை, வேலை முடிந்தபோது ஆட்களும் முடிந்திருந்தார்கள். ஷீகாக்கள் காத்து நிற்கிறார்கள் என்று கல் சொல்கிறது. ஆனால் லிங்க் சிறுவனாகப் போகும்போது அந்த இடுகாட்டைப் பார்த்துக்கொள்வது டாம்பே. கூன் விழுந்த வெட்டியான், இரவில் காசு வாங்கிக்கொண்டு நமக்காக மண்ணைத் தோண்டுகிறவர். அவர் ஷீகா கிடையாது. இம்பா கோட்டையில் இளவரசிக்குக் காவல் இருக்கிறாள், கல்வெட்டுச் சொன்ன வேலையை ஒரு கூலிக்காரர் செய்கிறார். ஏழு வருடம் கழித்துப் போனால் அவரும் செத்திருப்பார், சங்கிலிக் கொக்கியான ஹுக்ஷாட்டை வைத்துக்கொண்டு நம்மோடு ஓட்டப்பந்தயம் ஓடுவது அவருடைய ஆவி. அந்த இடத்துக்கு வேறு யாரையும் நியமித்த மாதிரித் தெரியவில்லை.

கார்ட்ரிட்ஜ் சார், அந்த மேஸ்திரி பெரியவனான லிங்க்கிடம் என்ன சொல்கிறார் என்று உங்கள் பழைய பிரதியில் பார்த்துச் சொல்ல முடியுமா? என்னிடம் இருப்பது 3டிஎஸ் கையடக்கக் கருவிக்கான பதிப்பு. இம்பா பேரை அப்போதும் எடுக்கிறாரா என்று தெரிந்தால் போதும்.